வெளுத்த தாலியும் வெளுக்காத ஊக்கும்

ஆடிப் பதினெட்டு அன்று காலை, முத்தியால்பேட்டை வீட்டுக் கூடத்தில் அத்தை என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புது மஞ்சள் கயிற்றை நீவி நேராக்கிக்கொண்டிருந்தார். அத்தை என்றால் என் மாமியார், அம்சவேணி. அடுப்படியிலிருந்து புளிச்சாதத்துக்குத் தாளித்த பெருங்காய வாசனை வந்தது. வேறொரு நாளாக இருந்தால் எனக்கு வாயில் நீர் ஊறியிருக்கும். அன்றைக்கு உள்ளங்கைதான் வேர்த்துக் கொட்டியது.

புதுக் கயிறு கழுத்தில் ஏறிய பிறகுதான் பழையதைக் கழற்ற வேண்டும். சுமங்கலியின் கழுத்து ஒரு நொடிகூட வெறுமனே இருக்கக் கூடாது. அத்தை அதில் கண்டிப்பு. ஒரு மஞ்சள் துண்டைக் கோத்துப் புதுக் கயிற்றைக் கட்டிவிட்டுப் பழைய கயிற்றைத் தாலியோடு கழற்றித் தாம்பாளத்தில் வைத்தார். தாலியில் மஞ்சள் அப்பிக் கிடக்கிறதே என்று தண்ணீர் தொட்டுக் கட்டைவிரலால் தேய்த்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த மஞ்சளை நாள் தவறாமல் அப்பியவளே நான்தான்.

கண்ணைத் திறந்தபோது அத்தையின் விரலுக்கு அடியில் தாலி வெள்ளையாக இருந்தது. புதிதாக ஈயம் பூசிய பாத்திரம் போல இருந்தது. எங்கோ ஓர் ஓரத்தில் மட்டும் பொன் தெரிந்தது.

அத்தை தாலியைத் திருப்பி மறுபக்கமும் தேய்த்தார். அந்தப் பக்கமும் வெள்ளை.

சைகோன் மாப்பிள்ளை

போன வாரம் என் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "கல்யாணக் கதையை எப்போது சொல்வீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சொல்கிறேன் அம்மா. ஆனால் அந்தக் கதையில் மாப்பிள்ளை கொஞ்ச நேரம்தான் வருவார்.

அப்போதெல்லாம் புதுச்சேரியில் 'சைகோன் மாப்பிள்ளை' என்றால் தனி மவுசு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் நம் ஆட்கள் அங்கே சொல்தாவாகவும் குமாஸ்தாவாகவும் போனார்கள். சொல்தா என்றால் சிப்பாய். என் வீட்டுக்காரர் சைகோனில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. விடுப்பில் வந்தார், என்னைக் கட்டிக்கொண்டார், விடுப்பு முடிந்தது, கப்பலேறிவிட்டார். அவர் முகம் எனக்கு மனப்பாடம் ஆவதற்குள் போய்விட்டார் என்பதுதான் உண்மை. இன்றைய பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நிற்கும். பழைய கடல்பாலத்தைப் புயல் அடித்துக்கொண்டு போய், இரும்புக் கால்கள் மட்டும் தண்ணீரில் நின்றிருந்தன. அலையைத் தாண்டிப் படகில்தான் போக வேண்டும். அவர் படகில் உட்கார்ந்து ஒரு கையால் தொப்பியையும் மறுகையால் டிரங்குப் பெட்டியையும் பிடித்திருந்ததால் எனக்குக் கையாட்ட அவரிடம் கை இல்லை. அதற்காக நான் வெகுநாள் கோபமாக இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் ஊரில் கொடி மாறியது. பிரெஞ்சுக்காரர்கள் புறப்பட்டார்கள். தெருப் பெயர்கள் மட்டும் வாயில் நுழையாமல் அப்படியே நின்றன. அந்தப் பக்கம் சைகோனிலும் எல்லாம் தலைகீழானது. மாதம் தவறாமல் வந்த கடிதம் ஒரு கோடையில் நின்றது. தெருவுக்குத் தெரு துப்பாக்கிச் சத்தம், குடியிருப்புகள் எரிகின்றன என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள். மாமா, அதாவது என் மாமனார், வாசகசாலையில் தினமும் அதைப் படித்துவிட்டு வந்து, "ஒண்ணும் விசேசமில்ல" என்பார். அவர் அப்படிச் சொல்லும் தினுசிலேயே விசேஷம் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

நோணாங்குப்பத்து மணி

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஞ்சாலையில் நெசவுப் பகுதியில் வேலை பார்த்து ஓய்ந்தவர். சங்கத்துக் கூட்டங்களில் மேடையேறி, சகுனம், சாமியாடி, தாயத்து எல்லாவற்றையும் கிழிகிழியென்று கிழிப்பார். வீட்டுக்கு வந்து அத்தை கொடுக்கிற விபூதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். "இன்னா பண்றது, இவகிட்டயும் குடித்தனம் பண்ணணுமே" என்பார்.

கடிதம் நின்றதும் அத்தை வேண்டாத சாமி இல்லை. கடைசியில் யாரோ சொன்னார்கள் என்று, நோணாங்குப்பத்துக்கு அப்பால் ஒரு வைத்தியரிடம் போய் ரசமணி வாங்கி வந்தார். ரசத்தைப் பச்சிலை போட்டுக் கட்டி உருட்டிய மணி. புளியங்கொட்டை அளவு, சாம்பல் நிறம், நடுவில் துளை, கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். பொண்டாட்டி கழுத்தில் கிடந்தால் கடல் கடந்து போன புருஷனுக்கு ஆபத்து அண்டாது என்றாராம் வைத்தியர். அந்த வருஷம் சைகோன் குடும்பங்கள் எல்லாம் அவர் வாசலில் போய் நின்றதில், மனுஷன் அவசர அவசரமாகக் கட்டித் தள்ளியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

"தாலிக்குப் பக்கத்துலயே கெடக்கட்டும்" என்று அத்தை அதை என் தாலிக் கயிற்றிலேயே கோத்துவிட்டார். "கல்லக் கட்டித் தொங்கவிட்டிருக்கியே, அந்தப் பொண்ணு கழுத்து இன்னாத்துக்கு ஆவும்?" என்றார் மாமா. அத்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாளில் ஒரு காலை, குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது பார்த்தேன். தாலியின் விளிம்பில் வெள்ளையாக ஒரு புள்ளி. துடைத்தேன். போகவில்லை. சாம்பல் வைத்துத் தேய்த்தேன். போகவில்லை. மறுநாள் அது பாதித் தாலிக்குப் பரவியிருந்தது.

பிரவே என்கிற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை தேறியவள் நான். பிரெஞ்சில் கட்டுரை எழுதுவேன். ஆனாலும் எனக்கு முதலில் தோன்றியது, எந்தத் தாலி கட்டிய பெண்ணுக்கும் தோன்றக்கூடியதுதான். கிணற்றடியில் உட்கார்ந்து வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன். பிறகு முகம் கழுவி, தாலிக்கு மஞ்சளைக் குழைத்துத் தடிமனாகப் பூசினேன். அன்று முதல் தினமும் பூசினேன். அத்தை அதைப் பார்த்து, "எம் மருமவளுக்குப் பக்தி ஏறிப்போச்சு" என்று பக்கத்து வீட்டில் பெருமையடித்தார். நான் உள்ளே போய் மறுநாளுக்கு இன்னும் கொஞ்சம் மஞ்சள் அரைத்து வைப்பேன்.

ஆடிப் பதினெட்டு வரும், கயிறு மாற்றுவார்கள் என்பதை நான் மறக்கவில்லை. அதற்குள் கடிதம் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை.

ஊக்கு இருந்த இருப்பு

"எத்தினி நாளா?" என்றார் அத்தை.

"ரொம்ப நாளாத்தான், அத்தை."

"எங்கிட்ட சொல்லலியே."

"எப்படிச் சொல்றது?"

அத்தை என்னைப் பார்த்தார். "ஆமா. எப்படிச் சொல்லுவ" என்றார். பிறகு தாம்பாளத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எம் புள்ள" என்று மட்டும் சொன்னார். குரல் எழும்பவில்லை. அவர் ஓவென்று அழுதிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

மாமா தெருவிலிருந்து வந்தார். "இன்னா, நல்ல நாளும் அதுவுமா ரெண்டு பேரும் மொகத்தத் தொங்கப் போட்டுக்கினு?" என்றவர், தாம்பாளத்தைப் பார்த்ததும் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு அத்தையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைத் தாலி, சாம்பல் மணி, அதோடு என் இரும்பு ஊக்கு. நம் பெண்கள் தாலிக் கயிற்றில் ஊக்கு மாட்டிக்கொள்வது ஊரறிந்ததுதானே. முந்தானைக்கு ஒன்று, முள் எடுக்க ஒன்று. என்னுடையது வியர்வையில் ஊறி லேசாகத் துருவேறிக் கிடந்தது.

அதே கயிறு. அதே கழுத்து. அதே வியர்வை. மணி இந்தப் பக்கம் தாலியில் உரசியது, அந்தப் பக்கம் ஊக்கில் உரசியது. பொன் வெளுத்திருந்தது. ஊக்கு வெளுக்கவில்லை.

அப்போதுதான் பள்ளிக்கூடத்து அறிவியல் அறை ஞாபகம் வந்தது. இரும்புக் குப்பி ஒன்றை எடுப்பதற்கு முன்னால் சேர் எங்கள் நடுவில் ஒரு பீங்கான் தட்டை வைப்பார். கன்னியாஸ்திரியை நாங்கள் 'சேர்' என்றுதான் கூப்பிடுவோம். மோதிரம், வளையல், கம்மல், எல்லாம் தட்டுக்குப் போக வேண்டும். வேறெந்தப் பாடத்துக்கும் அந்தத் தட்டு வராது. பிறகுதான் குப்பியிலிருந்து மெர்க்யூர் வெள்ளி முத்தாக மேசையில் உருளும். தங்கத்தை வெளுத்துவிடும், அதனால் நகை ஆகாது. இரும்போடு சேராது, அதனால் குடியிருப்பு இரும்புக் குப்பியில்.

மெர்க்யூர்தான் பாதரசம். பாதரசம்தான் ரசம். ரசமணி என்று பெயரிலேயே இருக்கிறது. ஆனால் நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில், கழுத்தில் கட்டிக்கொண்டது தமிழில். என் மண்டையில் இரண்டும் வேறு வேறு அறையில் குடியிருந்தன. பள்ளிக்கூடத்து மெர்க்யூர் உருண்டு ஓடும், அத்தையின் மணி கல்லாக இருக்கும், இரண்டும் ஒன்று என்று யாருக்குத் தோன்றும்? புதுச்சேரியில் படித்த பெண்களுக்கு மட்டும் வாய்க்கக்கூடிய முட்டாள்தனம் அது.

பின்னாளில் நானே அறிவியல் டீச்சராகி, தனிம அட்டவணையைச் சுவரில் மாட்டிப் பாடம் நடத்தியபோது இதை ரசித்துச் சொல்லியிருக்கிறேன். தங்கமும் பாதரசமும் அந்த அட்டவணையில் பக்கத்து வீடு. பாதரசம் ஒரு முசுடு. தன் வெளி எலக்ட்ரான்களை முந்தானையில் முடிந்த காசாக இறுக்கி வைத்திருக்கும். இன்னொரு பாதரச அணுவோடுகூட ஒழுங்காகப் பிணையாது. உலோகமாக இருந்தும் தண்ணீர் மாதிரி ஓடுவது அதனால்தான். அப்பேர்ப்பட்டது தங்கத்தைக் கண்டால் மட்டும் உள்ளே நுழைந்து கலந்துவிடும். வெள்ளியிடமும் செம்பிடமும் அப்படியே. இரும்பிடம் மட்டும் பாராமுகம். அந்த இரும்பும் கோபால்ட்டும்கூட, வேறு சில அணுக்கள் துணைக்கு நின்றால் பாதரசத்தோடு நேரடியாகக் கைகோத்துக்கொள்கின்றன என்று எங்கோ படித்தேன். என் மாமாவை அத்தையோடு கோயில் வாசலில் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

மாமாவை வைத்து ஒரு சோதனை

"அத்தை, இது மணி பண்ண வேலை!" என்று கத்தினேன். "மணியில இருக்கற ரசம் பொன்னுல ஏறியிருக்கு. வேற ஒண்ணுமே இல்ல."

"எம் மனசு ஆறணும்னு சொல்ற."

"இல்ல அத்தை, ஊக்கப் பாருங்க. அதுவும் கூடத்தான தொங்கிச்சு? அது வெளுக்கலியே. ரசத்துக்கும் இரும்புக்கும் ஆவாது."

"ஊக்குக்கு இன்னா தெரியும்? அது தாலியா?"

வேதியியலில் ஊக்கும் தாலியும் ஒரே தட்டில் உட்காரும். அத்தையின் உலகத்தில் உட்காராது.

"அப்ப என் மூக்குத்தியில தேச்சுக் காட்டறேன்."

"அதுவும் அவன் பொண்டாட்டி போட்டிருக்கற பொன்னுதான? அதுவும் வெளுத்தா எனக்கு ரெண்டு மடங்கு பயந்தான் வரும்."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கை மெல்லத் தன் கழுத்துக்குப் போனது. பார்வை மாமாவிடம் போனது.

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்னாத்துக்கு என்ன அப்படிப் பாக்கற?"

"நீங்க கட்டுன தாலியில தேச்சிப் பாக்கட்டுமா? நீங்கதான் கண்ணெதிர இருக்கீங்களே. இது வெளுத்தும் நீங்க நல்லா இருந்தா, அவனும் நல்லா இருக்கான்னு நான் நம்புவேன்."

மாமா சுவரோடு இன்னும் ஒட்டி உட்கார்ந்தார்.

"மேடையில பேசுவீங்களே, தாலியில இன்னா இருக்குன்னு" என்றார் அத்தை.

"மேடையில பேசறது வேற."

"அப்ப வாணாம். வுடுங்க."

அத்தை அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே விட்டுவிட்டார். சொல்லப்போனால் அவர் கேட்டதுதான் பெரிது. புருஷன் உயிரைப் பணயம் வைக்கிறோம் என்று முழுக்க நம்பிக்கொண்டு கேட்ட கேள்வி அது. மாமா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சுவரில் மாட்டியிருந்த மகனின் படத்தைப் பார்த்தார். தொப்பியோடு சைகோனில் எடுத்த படம்.

"தேய்" என்றார். "பஞ்சாலைத் தூசியில போவாத உசுரு, இதுலயா போவப் போவுது?" கொஞ்சம் பொறுத்து, "பக்கத்துல கோத்திருக்கற பொன் குண்டுல தேச்சாப் போதாதா? தாலியிலயேவா தேய்க்கணும்?" என்றார்.

"தாலியிலயே தேய்ம்மா" என்றார் அத்தை என்னிடம். "இல்லன்னா எனக்கு மறுபடி சந்தேகம் வரும்."

ஊக்கின் முனையால் மணியைக் கீறினேன். கீறலில் கடுகில் பாதி அளவுக்கு வெள்ளியாக ஒன்று பளபளத்தது. அத்தை கழுத்தில் கிடந்தபடியே அவர் தாலியை விரலில் ஏந்தி, மணியை அதில் வைத்து அழுத்தித் தேய்த்தேன். எடுத்தேன்.

வெள்ளை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பரவியது.

நாங்கள் இருவரும் மாமாவைப் பார்த்தோம். மாமா தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டார், நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், பீங்கான் தட்டும் இரும்புக் குப்பியும் தெரிந்த நானும் அந்த ஒரு நிமிஷம் அவர் மூச்சு விடுகிறாரா என்றுதான் பார்த்தேன். தூரத்தில் ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்தது.

"எனக்குப் பசிக்குது" என்றார் மாமா.

அத்தை எழுந்து ஓடினார். புளிச்சாதம், தேங்காய்ச்சாதம், சர்க்கரைப் பொங்கல், எல்லாம் சாமிக்குப் படைப்பதற்கு முன்னாலேயே மாமாவின் இலைக்கு வந்தன. நடுவில் அவருக்கு ஒரு விக்கல் வந்தது பாருங்கள், அத்தை சொம்பும் கையுமாக அலறிய அலறலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். "வேகமாத் தின்னா விக்கத்தான் செய்யும், சும்மா இரு" என்று அதட்டிவிட்டு மாமா இன்னொரு கரண்டி பொங்கல் கேட்டார்.

விளக்கு வைக்கிற நேரம்வரை அத்தை அவரைவிட்டு நகரவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏப்பம்தான் விட்டார்.

அப்புறம் அத்தை மெல்ல என்னிடம் வந்தார்.

"அப்ப, நான் கட்டுன மணிதான் இதப் பண்ணிச்சா?"

"ஆமா அத்தை."

"எம் முட்டாத்தனந்தானா?"

மாமியாரிடம் இதற்கு எப்படி ஆமாம் சொல்வது?

"சொல்லுடி!"

"ஆமா அத்தை."

"சாமீ! நல்லவேள, நாந்தான்!" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். தன்னுடைய தப்பு என்று தெரிந்து அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை நான் பிறகு பார்த்ததே இல்லை. எனக்கும் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன்.

இருக்கேன், இருக்கேன்

தாலி வெளுத்தது பாதரசத்தால் என்பதால் அவர் சைகோனில் உயிரோடு இருக்கிறார் என்று ஆகிவிடாது. அது எனக்குத் தெரியும். அத்தைக்கும் தெரிந்திருக்கும். ஆனால் கெட்ட சேதி எதுவும் வரவில்லை என்பதும் உண்மைதானே. பழையபடி காத்திருக்கலாம். வெறுமனே காத்திருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

தட்டாரிடம் கொடுத்துச் சூடு காட்டினால் பாதரசம் ஆவியாகிவிடும், பொன் பழையபடி வரும் என்று சொன்னேன். "எம் புள்ள வராம தாலிய நெருப்புல காட்ட மாட்டேன்" என்றுவிட்டார் அத்தை. தன்னுடையதையும் கொடுக்கவில்லை. "உன்னுது மட்டும் வெள்ளையா இருந்தா ஊரு பேசும். மாமியாளுதும் வெள்ளன்னா வாய மூடிக்கும்" என்றார். அப்படியே நடந்தது. நாங்கள் இரண்டு பேரும் வெள்ளைத் தாலியோடு கடைத்தெருவுக்குப் போனோம். புதுத் தினுசு என்று நினைத்து ஒருத்தி விசாரிக்கக்கூடச் செய்தாள்.

மணியை இரும்பு டப்பாவில் போட்டுப் பரண்மேல் ஏற்றினேன். (வீட்டில் யாரும் இதைச் செய்து பார்க்காதீர்கள். பாதரசம் விஷம், அதன் ஆவி அதைவிட விஷம். எங்கள் அறியாமைக்கு நாங்கள் பிழைத்தது பெரிது.) தட்டார் பிற்பாடு வீட்டு வாசலைவிட்டுத் தள்ளி, காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, இரண்டையும் பொன்னாக்கிக் கொடுத்தார்.

ஆனால் தாலி வெள்ளையாக இருந்த நாளெல்லாம் அத்தைக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. தினமும் எழுந்ததும் தன் வெள்ளைத் தாலியைப் பார்ப்பார், உடனே மாமாவைப் பார்ப்பார். மாமா கண்ணைத் திறக்காமலே, "இருக்கேன், இருக்கேன்" என்பார். பிறகுதான் அத்தை வாசல் தெளிக்கப் போவார்.

மழைக்காலம் முடிந்து, பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கிற சமயம், சைகோனிலிருந்து நம் ஆட்களை ஏற்றிக்கொண்டு கப்பல் வருகிறது என்று ஊரில் பேச்சு அடிபட்டது. யார் யார் அதில் என்று யாருக்கும் தெரியாது. கடற்கரைக்கு ஊரே போனது. நாங்களும் மணலில் போய் நின்றோம். படகு படகாக வந்தார்கள். ஒவ்வொரு படகுக்கும் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்து இறுக்குவார், பிறகு விடுவார்.

ஒரு படகில் தொப்பியை ஒரு கையாலும் டிரங்குப் பெட்டியை மறுகையாலும் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

ஆள் பாதியாக இளைத்திருந்தார். முழங்கால் நனைய இறங்கி வந்து அத்தை முன்னால் நின்றார். அத்தை அவரைத் தொடவில்லை, அழவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னாம்மா, அடையாளம் தெரியலியா?"

"அதெல்லாம் தெரியுது அவளுக்கு" என்றார் மாமா. அவர் குரலே சரியில்லை. "இருக்கேன்னு சொல்லுடா."

அவர் ஒன்றும் புரியாமல் அப்பாவைப் பார்த்தார். கால்சட்டையிலிருந்து கடல்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இருக்கேம்மா."

"இன்னொரு தபா சொல்லு" என்றார் அத்தை.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றினார். இந்த முறை என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இருக்கேன்."